பேர் வெட்டாத லிஸ்ட்

கொச்சி மட்டாஞ்சேரியில் ‘கார்பிள்ட்’ என்பது மரியாதையான வார்த்தை. காய்ந்து வரும் மிளகைச் சலித்து, தூசியும் காம்பும் பொக்கும் போக்கி, முழுமணியாக மூட்டையில் கட்டினால் அதற்குப் பெயர் கார்பிள்ட். வந்தது வந்தபடியே கிடந்தால் அன்கார்பிள்ட். பஜார் ரோட்டில் ஒருவனைப் பார்த்து ‘ஆள் நல்ல கார்பிள்டாக்கும்’ என்று சொன்னால் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடப்பான். அதே வார்த்தைக்கு மிச்ச உலகத்தில் ‘உளறிக் குழம்பிப் போனது’ என்று அர்த்தம். இது ஷைலஜாவுக்கு முப்பத்தொரு வயதுவரை தெரியாது. தெரிந்த வாரத்தில் அவள் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது.

ஷைலஜாவின் அப்பா அய்யாசாமி. முப்பது வருஷம் பஜார் ரோட்டைப் பெருக்கிய துப்புரவுத் தொழிலாளி. அம்மா காளியம்மை. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து என்று வளர்ந்த வீடு. ஷைலஜா படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவாள், எழுத உட்கார்ந்தால் கை தடுமாறும். இங்கிலீஷ் அவளுக்குள் ஏறியது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், விரல் வழியாக. தொண்ணூற்றாறில் ‘வெங்கிடேஸ்வரன் அண்ட் பிரதர்’ என்ற மிளகு புரோக்கர் ஆபீசில் டெலக்ஸ் அடிக்க ஆள் கேட்டார்கள். போய் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த ஆறாம் மாதம் டெலக்ஸை எடுத்துவிட்டு ஃபாக்ஸ் வைத்தார்கள். ஃபாக்ஸ் பழகி முடிந்ததும் ஈமெயில் வந்தது. மெஷினைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஆளை மாற்றவில்லை. எந்தப் புதுப் பெட்டி வந்தாலும் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் துணிந்தவள் அந்த ஆபீசில் அவள் ஒருத்திதான். இரண்டாயிரத்து மூன்றில் எரணாகுளத்தில் ஒரு தடிப் புத்தகம் வாங்கி, மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி, ஆபீசுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வரே அமைத்துவிட்டாள். அதை மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். கீழ்த்தளம் முழுக்க மிளகு கோடவுன். மாதம் ஒருமுறை அவள் சர்வரைத் திறந்து தூசி ஊதும்போது ஆபீஸ் மொத்தமும் தும்மும்.

முதலாளி லக்ஷ்மிநாராயணன். போர்டில் இருக்கும் ‘பிரதர்’ இவர்தான். ஆபீசை ஆரம்பித்த அண்ணா வெங்கிடேஸ்வரன் இரண்டாயிரத்து இரண்டில் காலமாகிவிட்டார், போர்டு அப்படியே இருந்தது. பாலக்காட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் குடும்பம். லக்ஷ்மிநாராயணனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் பாதி பயம், பாதி அலட்சியம். ஆனால் ஒரே ஒரு காரியத்தை மட்டும் யாரையும் தொடவிடமாட்டார். அதுதான் லிஸ்ட்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, மார்க்கெட் முடிந்ததும், அன்றைய மிளகு ரேட் அந்த லிஸ்டில் இருக்கும் அத்தனை வாடிக்கைக்காரர்களுக்கும் மெயிலில் போகும். கார்பிள்ட் இவ்வளவு, அன்கார்பிள்ட் இவ்வளவு, நாளைக்கு மழை வரும்போல் இருக்கிறது, இவ்வளவுதான் விஷயம். டெலக்ஸ் காலத்தில் அண்ணா தொடங்கிய வழக்கம் அது. ஒருவர் ஒரே ஒரு மூட்டை வாங்கினாலும் போதும், லிஸ்டில் ஏறிவிடுவார். பேரை ஏற்றுவது லக்ஷ்மிநாராயணன் மட்டும். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பார். ஏறிய பேரை இறக்கியதே கிடையாது. இரண்டாயிரத்து ஆறு ஜூன் மாதக் கணக்கில் லிஸ்டில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் இருந்தார்கள்.

அந்த ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷைலஜா வந்து பார்த்தால், முந்தின நாள் போன ரேட்டில் பாதிக்கு மேல் திரும்பி வந்து கிடந்தது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து. உலகம் பூராவும் இலவசமாக மெயில் அட்ரஸ் கொடுக்கும் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி. இந்தூர் மளிகைக்காரர் முதல் ஹாம்பர்க் இடைத்தரகர் வரை நம் வாடிக்கையில் பாதிப் பேருக்கு அங்கேதான் பெட்டி. திரும்பி வந்த ஒவ்வொன்றிலும் ஒரே வரி எழுதியிருந்தது. உங்கள் சர்வர் எங்கள் தடைப் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து வரும் எதையும் ஏற்கமாட்டோம்.

பத்து மணிக்குள் இந்தூரிலிருந்து போன் வந்துவிட்டது. லக்ஷ்மிநாராயணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“ரேட் கிட்டலையாம். என்னாக்கும் இது?”

“நம்ம சர்வரைத் தடை பண்ணியிருக்காங்க சார். ஸ்பாம் அனுப்பறோம்னு.”

“ஸ்பாம்னா?”

“வேண்டாத மெயில்.”

“மிளகு ரேட் வேண்டாம்னு எவன் சொன்னான்?”

ஷைலஜா சர்வர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். உள்ளே வைரஸ் ஏதும் புகுந்திருக்கிறதா என்று எல்லாக் கம்ப்யூட்டரையும் தேடினாள், ஒன்றும் இல்லை. வேறு யாராவது நம் சர்வர் வழியாகத் திருட்டுத்தனமாக அனுப்புகிறார்களா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. பிறகு அந்தக் கம்பெனியின் தளத்தில் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கண்டுபிடித்தாள். தடையை நீக்கக் கோருவோர் இங்கே எழுதவும் என்று இருந்தது. முதல் கட்டத்தில் பெயர், இரண்டாம் கட்டத்தில் குடும்பப் பெயர். குடும்பப் பெயருக்கு எங்கே போவது? அப்பா பேரைப் போட்டாள். விஷயம் என்ற கட்டத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதினாள்: எங்கள் நிறுவனம் நாற்பது வருஷப் பாரம்பரியம் உள்ளது, எங்கள் மீது எந்தத் தவறும் இல்லை, உடனே நீக்கவும்.

புதன்கிழமை காலை பதில் வந்திருந்தது. ‘ஹலோ அய்யாசாமி’ என்று ஆரம்பித்தது. தங்கள் சர்வரை ஆராய்ந்தோம், தடை நீக்கத்துக்குத் தகுதி இல்லை, நன்றி. எழுதியது மனிதனா மெஷினா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் மரியாதையாகத்தான் எழுதியிருந்தது.

அன்றைக்கே மத்தியானம் இடப்பள்ளியிலிருந்து சுதீர் என்று ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்தான். மட்டாஞ்சேரி ஆபீஸ்களின் மெயிலை எல்லாம் தங்கள் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்பது அவன் வியாபாரம். எவனோ மோப்பம் பிடித்துச் சொல்லியிருக்கிறான். மாடிப்படிக்குக் கீழே குனிந்து சர்வரைப் பார்த்தான், இரண்டு தும்மல் போட்டான், “இதொக்கெ பழைய ஏர்ப்பாடல்லே சார்” என்று, இதெல்லாம் அந்தக் காலத்து ஏற்பாடு என்கிற மாதிரி சிரித்தான். ஷைலஜாவுக்கு அவன் மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவன் போனதும் லக்ஷ்மிநாராயணன் அவளைக் கூப்பிட்டார். “திங்கட்கிழமை சாயங்காலம் ரேட் போகணும். போகலேன்னா அவன்கிட்டே கொடுத்துடலாம்னு இருக்கேன். கொடுத்தா அப்புறம் இங்கே உனக்கு...” என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மிச்சத்தை அவளே முடித்துக்கொண்டாள். டெலக்ஸ் போய்விட்டது, ஃபாக்ஸைத் தொடுவாரில்லை. மெயிலும் போய்விட்டால் அந்த ஆபீசில் அவளுக்கு வேலை என்று எதுவும் மிச்சமில்லை.

இரண்டாவது விண்ணப்பத்தில்தான் அவள் அந்த வார்த்தையைப் போட்டாள். நாங்கள் அனுப்புவது ஸ்பாம் அல்ல என்று அவர்களுக்குப் புரிய வேண்டும், அதற்கு நாங்கள் என்ன அனுப்புகிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது அவள் யோசனை. யோசனையில் பிழையில்லை. ‘பல வருஷங்களாக நாங்கள் தினமும் கார்பிள்ட் அன்கார்பிள்ட் இரண்டும் அனுப்புகிறோம். எங்களுடையது நூறு சதவீதம் கார்பிள்ட் என்று வாடிக்கையாளர்களே ஒப்புக்கொள்வார்கள்’ என்று நல்ல இங்கிலீஷில் எழுதி, பிழை பார்த்து, அனுப்பினாள்.

வியாழன் காலை ‘ஹலோ அய்யாசாமி’ மறுபடி வந்தது. இந்தத் தடவை எழுதியது மனிதன்தான், கருணையோடு எழுதியிருந்தான். தங்கள் அஞ்சல்கள் நூறு சதவீதம் உருக்குலைந்து போவதாக அறிந்து வருந்துகிறோம். வாடிக்கையாளர்களும் அதை உறுதிசெய்வதாகக் குறிப்பிட்டுள்ளீர்கள். முதலில் எழுத்து அமைப்பைச் சரிசெய்துவிட்டு மீண்டும் விண்ணப்பிக்கவும்.

ஷைலஜாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆபீஸ் அலமாரியில் அட்டை கிழிந்த டிக்ஷ்னரி ஒன்று கிடந்தது, அதை எடுத்துப் புரட்டினாள். வார்த்தையைக் கண்டுபிடித்து அர்த்தத்தைப் படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் வந்தது. சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது, அது சிரிப்பினால் வந்தது இல்லை. இரண்டு நாள் வீணாகிவிட்டது. அவள் கைப்பட எழுதி, நாங்கள் உளறுகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவதாகப் பெருமையெல்லாம் விட்டுவிட்டு நான்கே வரி எழுதினாள். அது ஒரு மிளகு வார்த்தை, மன்னிக்கவும். தினமும் ஒரே ஒரு ரேட் மெயில்தான் அனுப்புகிறோம். நாங்கள் என்ன தப்புச் செய்தோம்? தயவுசெய்து சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது, நீளமாகவே வந்தது. மிளகு விஷயம் புதிதாகத் தெரிந்துகொண்டேன் என்று ஆரம்பித்திருந்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். நீங்கள் தினமும் அனுப்பும் இருநூற்றுப் பன்னிரண்டு அட்ரஸ்கள் இப்போது எங்களிடம் இல்லை. பல வருஷமாக இல்லை. இல்லை இல்லை என்று ஒவ்வொரு நாளும் உங்களுக்குத் திருப்பி அனுப்புகிறோம், நீங்கள் மறுநாளும் அனுப்புகிறீர்கள். இப்படி ஆளில்லாத வீட்டுக் கதவைத் தினம் தட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பாம்காரர்கள்தான். ஏன் இப்படி நடந்தது, என்ன சரிசெய்தீர்கள் என்று எழுதுங்கள், பார்க்கிறேன்.

படித்ததும் அவளுக்குக் காது சுட்டது. அந்தத் திரும்பி வரும் மெயில்கள் அவளுக்குத் தெரியும். சர்வர் வைத்த புதிதில் அவை நாள்தோறும் குவிந்து எரிச்சலூட்டின. அதனால் மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளே ஒரு கட்டளை எழுதி, ‘அப்படி ஓர் அட்ரஸ் இல்லை’ என்று திரும்புகிறவை மட்டும் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக்குப் போகும்படி செய்துவிட்டாள். அவள் அப்பா முப்பது வருஷம் குப்பையைக் கண்ணால் பார்த்துத்தான் அள்ளினார். இவள் பார்க்காமலே கொட்டினாள்.

வீட்டுக்கு வந்தால் அய்யாசாமி வாசலிலேயே கேட்டார். ‘ஹலோ அய்யாசாமி’ கதையைக் கேட்ட நாளிலிருந்து அவருக்கு இதே வேலை.

“என்ன புள்ள, எனக்குக் கடுதாசி வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. நாந்தான் தப்புப் பண்ணியிருக்கேன்னு எழுதியிருக்கான். திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா ஆபீஸ்லேந்து பேரு வெட்டிருவாங்க.”

‘பேரு வெட்டுறது’ என்ற பேச்சு காதில் விழுந்ததும் காளியம்மை அடுக்களையிலிருந்து கப்பைக்கிழங்கு வெந்த சட்டியோடு வெளியே வந்துவிட்டாள். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஷைலஜா நாலாம் வகுப்புப் படிக்கும்போது அம்மை போட்டது. இறங்கிய பிறகும் பயத்தில் காளியம்மை அவளை வெளியே விடவில்லை. லீவு லெட்டர் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் விதிப்படி பேரை வெட்டிவிட்டார்கள். சாவு விழுந்தது என்று சொல்லு, ஊருக்குப் போயிருந்தோம் என்று சொல்லு என்று லைன் வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பொய் சொல்லிக் கொடுத்தார்கள்.

காளியம்மைக்கு இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்க வேண்டியதில்லை. “நான் ஒரு பொய்யும் சொல்லலயே. நேரா டீச்சரம்மா முன்னால போய் நின்னேன். லெட்டர் குடுக்காதது எங்க தப்பு, எனக்கு எழுதத் தெரியாது, இனிமே இவ அப்பன் கைநாட்டு வச்சாவது குடுப்பாரு, பேரை ஏத்துங்கன்னேன். அந்தம்மா ரிஜிஸ்டரை எடுத்துச்சு. அப்புறம் செவப்பு மையில எழுதிக்கிச்சு.”

“கடைசில எழுதிச்சு,” என்றாள் ஷைலஜா. ரிஜிஸ்டரில் எழுத்து வரிசைப்படி இருந்த பேர் வெட்டப்பட்டு, எல்லாருக்கும் கீழே ஏறியது. அந்த வருஷம் முழுக்க ஆஜர் கூப்பிடும்போது கடைசிப் பேர் அவளுடையதுதான்.

“கடைசின்னா என்ன? இருந்துச்சுல்ல,” என்று சொல்லிவிட்டு காளியம்மை கப்பையைத் தட்டில் கொட்டினாள். தோப்பும்படியில் போட் என்ஜின் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கும் ஷைலஜாவின் கணவன் ஷாஜி இந்தக் கதையை ஐம்பதாவது தடவையாகக் கேட்டபடி மீன் குழம்புக்குக் கையை நீட்டினான்.

சனிக்கிழமை காலை ஷைலஜா லிஸ்டை அச்செடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பென்சிலால் கோடு போட்டு, மாடிக்குக் கொண்டுபோனாள். விஷயத்தைச் சொன்னாள், தன் தப்பையும் மறைக்காமல் சொன்னாள். லக்ஷ்மிநாராயணன் அவள் தப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘வெட்டணும்’ என்ற இடத்தில்தான் நிமிர்ந்தார்.

“வெட்டறதா? அண்ணா இருந்த நாள்லேந்து நம்ம லிஸ்ட்ல பேர் வெட்டற வழக்கமில்லை, கேட்டியோ. பத்து வருஷமா வாங்கலேன்னாலும் அவன் வாடிக்கைதான். நாளைக்கு வந்து நின்னா எந்த மூஞ்சியை வச்சுண்டு பேசறது?”

“இதுல பாதிப்பேரு செத்துப்போயிருப்பாங்க சார்.”

“செத்தவாளை வெட்டறது அதைவிட மோசம்.”

ஷைலஜாவுக்குச் சுள்ளென்று ஏறியது. பத்து வருஷத்தில் அவள் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. “இல்லாத ஆளு பேரைக்கூட வெட்ட மாட்டேங்கறீங்க. திங்கக்கிழமை எம்பேரை வெட்டத்தானே சார் போறீங்க?”

லக்ஷ்மிநாராயணன் யோசிக்காமல் சொல்லிவிட்டார். “உன் பேர் இதுல எங்கே இருக்கு? நீ ஸ்டாஃப். இது வாடிக்கைக்காரா லிஸ்ட்.”

அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதனால்தான் அதிகமாக வலித்தது. ஆயிரத்து நூற்று நாற்பது பேருக்குத் தினமும் ரேட் அனுப்புகிறவள் பேர் எந்த லிஸ்டிலும் இல்லை.

அவள் தாள்களை அவர் மேஜைமேல் வைத்தாள். அவருக்கும் சங்கடமாகப் போய்விட்டது. சங்கடத்தை மறைக்கத் தாள்களை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். இவன் எண்பத்தெட்டில் வந்தவன், இவன் பெண் கல்யாணத்துக்கு அண்ணா போயிருந்தான் என்று ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஏழாம் பக்கத்தில் நின்றார். அங்கே பென்சில் கோடு போட்ட ஒரு பேர், வெங்கிடேஸ்வரன்.

“இது அண்ணா,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “மெயில் வந்த புதுசுல தனக்குன்னு ஒரு அட்ரஸ் எடுத்துண்டான். நாம அனுப்பற ரேட் ஷரியா போறதான்னு தானே பார்க்கணும்னு. போனதுக்கு அப்புறமும் நான் எடுக்கலை. தினம் அஞ்சு மணிக்கு அவனுக்கும் போறதுன்னு நினைச்சுண்டிருந்தேன்.”

“போகலை சார்,” என்றாள் ஷைலஜா. “தினமும் திரும்பி வந்துருக்கு. நாந்தான் பார்க்காம தள்ளிட்டேன்.”

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் காளியம்மையின் மகள். லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை. “வெட்டறதுன்னா நீயே வெட்டு. நான் பார்க்க மாட்டேன்,” என்று எழுந்து போய்விட்டார்.

ஷைலஜா கீழே வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். அனுமதி கிடைத்தாகிவிட்டது. நீக்கு என்று ஒரு கட்டளை அடித்தால் இரண்டு வினாடியில் இருநூற்றுப் பன்னிரண்டும் போய்விடும். கையை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ரிஜிஸ்டரில் தன் பேர்மேல் இழுத்திருந்த கோட்டை ஒன்பது வயதில் அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஸ்கேல் வைத்து நேராகத்தான் இழுத்திருந்தார்கள். அது இன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

அவளுக்கு வழி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. சர்வர் சொந்தமாக இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, எந்த மெயில் எங்கே போகவேண்டும் என்று நாமே சொல்லலாம். ‘பழையவர்’ என்று ஒரு புதுப் பெட்டியைச் சர்வருக்குள்ளேயே திறந்தாள். கோடு போட்ட இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போகிற ரேட் வெளியே போகாமல் அந்தப் பெட்டியில் வந்து விழும்படி எழுதினாள். லிஸ்டில் பேர் அப்படியே இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் கதவை இனி யாரும் தட்டமாட்டார்கள். திரும்பி வரும் மெயிலைக் குப்பையில் தள்ளும் அந்தப் பழைய கட்டளையையும் தேடி எடுத்து அழித்தாள். இனி ஒவ்வொன்றும் அவள் கண்ணில் பட்டே ஆகவேண்டும்.

மத்தியானம் லக்ஷ்மிநாராயணன் சாயா குடிக்க இறங்கியபோது சொன்னாள். “பேரை வெட்டலை சார். எல்லாருக்கும் ரேட் போகும்.”

“எங்கே போகும்?”

“மாடிப்படிக்குக் கீழே வரைக்கும்.”

அவர் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். டெலக்ஸ் மெஷின் ஒரு காலத்தில் இருந்ததும் அதே மூலையில்தான். “அண்ணா உட்கார்ந்துண்டிருந்த இடமாக்கும் இது,” என்றார். பிறகு சாயாவை அங்கேயே நின்று குடித்தார்.

அன்றைக்கே ஷைலஜா நான்காவது கடிதத்தை எழுதினாள். இங்கிலீஷ் மோசமாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதினாள். தப்பு எங்களுடையது. திரும்பி வந்த மெயில்களை நான் மூன்று வருஷம் பார்க்காமல் போட்டுவிட்டேன். எங்கள் ஆபீசில் ஒரு முறை ஏறிய பேரை வெட்டமாட்டார்கள், அதனால் இல்லாதவர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தோம். இன்று முதல் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு அட்ரசுக்கு இங்கிருந்து எதுவும் வராது. இனிமேல் திரும்பி வருவதை நான் தினமும் பார்ப்பேன். எங்கள் பேரைத் திரும்ப ஏற்றுங்கள். உண்மையில் ‘தடைப் பட்டியலில் இருந்து எடுங்கள்’ என்றுதான் எழுதியிருக்க வேண்டும். அவள் கை அப்படி எழுதிவிட்டது, திருத்தவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் அவளை ஒரு வேலைக்கும் லாயக்கில்லை என்று காளியம்மை திட்டிக்கொண்டே இருந்தாள்.

திங்கள் காலை பதில் இருந்தது. ‘ஹலோ அய்யாசாமி. தெளிவாக எழுதியதற்கு நன்றி. தங்கள் சர்வரைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். எல்லா இடத்திலும் அமலாக ஒரு நாள்வரை ஆகலாம்.’ ஒரு நாள்வரை என்பதுதான் உதைத்தது. அதே கம்பெனியில் அவளுக்கே சோதனைக்கென்று ஓர் இலவச அட்ரஸ் இருந்தது, அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சர்வர் மேல் ஒட்டி வைத்திருந்தாள். பதினோரு மணிக்கு அந்த அட்ரசுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தாள், திரும்பி வந்தது. இரண்டு மணிக்கும் திரும்பி வந்தது. நான்கு மணிக்குச் சுதீர் ஒப்பந்தக் காகிதங்களோடு வந்து, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்றாவது தடவை அனுப்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கோடவுனுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

ஐந்து மணிக்கு ரேட் போனது. ஷைலஜா திரையைப் பார்த்தபடி நின்றாள், பின்னால் லக்ஷ்மிநாராயணன் நின்றார், அவருக்குப் பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள்கூட வந்து நின்றார்கள். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஐந்து பத்துக்கு இந்தூரிலிருந்து போன். ரேட் வந்தாச்சு, ஏன் இவ்வளவு குறைவு என்று சண்டை. அந்தச் சண்டையைக் கேட்டு லக்ஷ்மிநாராயணன் முகம் மலர்ந்ததைப்போல் எந்த நல்ல செய்திக்கும் மலர்ந்ததில்லை. சுதீருக்கு நல்ல சாயாவாக வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

எல்லாரும் கலைந்த பிறகு ஷைலஜா கணக்குப் பார்த்தாள். பழையவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் போக, வெளியே போகவேண்டியது தொள்ளாயிரத்து இருபத்தெட்டு. சர்வர் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது என்று காட்டியது. ஒரு பழைய அட்ரஸ் தப்பி வெளியே போய்விட்டதென்றால் மறுபடி தடை, மறுபடி சுதீர். போனவர்கள் பட்டியலை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடைசி வரியில் இருந்தது, சர்வர் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டில் அவள் எழுதி வைத்திருந்த அதே அட்ரஸ். பக்கத்தில், ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்த பேர்: ஷைலஜா அய்யாசாமி.

அவள் மாடிக்குப் போனாள். லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்குக் கிளம்பக் குடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சார், லிஸ்ட்ல எம்பேரு இருக்கு. நான் ஒரு மணி மிளகு வாங்கினதில்லையே.”

“மத்தியானம் ஏத்தினேன். சீட்டைப் பார்த்துத்தான் அடிச்சேன், ஷரியா இருக்கோ?” என்றார். குடை அகப்பட்டுவிட்டது, ஆனாலும் நிமிரவில்லை. “நீ ஸ்டாஃபாக்கும்னு அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். அதை மனசுல வச்சுக்காதே. ஏறினா ஏறினதுதான், நம்ம லிஸ்ட்ல வெட்டறதில்லை.”

ரேட் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தபோது, அது போகுமா திரும்புமா என்று யாருக்கும் தெரியாதபோதே ஏற்றியிருக்கிறார் என்பது அவளுக்குப் படி இறங்கும்போதுதான் உறைத்தது. படிக்குக் கீழே சர்வர் பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மிளகுத் தூசி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும்.

வீட்டு வாசலில் அய்யாசாமி தயாராக இருந்தார். “எனக்குக் கடுதாசி வந்துச்சா?”

“வந்துச்சுப்பா. இனிமே தெனமும் வரும். இன்னைக்கு கார்பிள்ட் என்ன ரேட்டுன்னு உம்பேருக்கும் எழுதியிருக்காங்க.”

முப்பது வருஷம் அந்த ரோட்டில் சிந்திய மிளகைப் பெருக்கிய மனிதர், என்ன ரேட் என்று கேட்டு வாங்கி, இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காளியம்மைக்கு ரேட்டில் அக்கறை இல்லை. வேலை தப்பித்தது என்று கேட்டுக்கொண்டு, அடுத்ததாக ஒன்றைத்தான் கேட்டாள்.

“பேரு ஏத்தியிருக்காங்கன்னியே, எங்க ஏத்தியிருக்காங்க?”

“கடைசிலம்மா.”

“இருக்குல்ல,” என்றாள் காளியம்மை.